படத்துக்குக் கீழே நில எண் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் பிரெய்ரி மாகாணங்களில் ஆளொழிந்து வரும் உழவர் ஊர்களைப் பற்றிய உங்கள் படக்கட்டுரை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாய்ந்த தானிய எலிவேட்டர் (தானியம் சேமிக்கும் உயரமான கிடங்கு), புல் மூடிய தண்டவாளம், கண்ணாடி உடைந்த பள்ளிக்கூடம். ஆனால் எல்லாப் படத்துக்கும் ஒரே குறிப்பு: ‘சஸ்காட்சுவானில் ஓர் ஊர்’. அந்தப் பள்ளியில் படித்த தன் பாட்டியை நாளை ஒருவர் தேடினால், அந்தப் படம் இருந்தும் இல்லாததுதான்.

ஊர்ப்பெயரைப் போட்டிருந்தாலும் பாதி வேலைதான் ஆகியிருக்கும். ஸ்டேஷனும் தபாலாபீசும் மூடியதும் பெயரும் வழக்கொழிந்து போகிறது. ஒரே வீட்டுக்குத் தபால் முகவரி ஒன்று, பள்ளி வட்டாரத்தின் பெயர் வேறு, தேவாலயத்தின் பெயர் இன்னொன்று. கிழக்கு ஐரோப்பாவின் கலீசியாவிலிருந்து வந்த உக்ரேனியர்களின் குடும்பப்பெயரையோ ஒவ்வொரு எழுத்தரும் தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார். இத்தனைக்கும் நடுவில் மாறாமல் நிற்பது நில எண். நம்மூர் சர்வே எண் மாதிரி.

‘என்.ஈ. 22-31-14 டபிள்யூ 3’ என்று எழுதுவார்கள். மூன்றாம் மெரிடியனுக்கு (நில அளவைக்கு அடிப்படையான வடக்கு-தெற்குக் கோடு) மேற்கே 14ஆவது ரேஞ்சு, அதாவது டவுன்ஷிப்புகளின் நெடுவரிசை; அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே எண்ணினால் 31ஆவது டவுன்ஷிப், அதற்குள் 22ஆம் செக்ஷன், அதன் வடகிழக்குக் கால் பங்கு. டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம். உள்ளே 36 செக்ஷன். ஒரு செக்ஷன் 640 ஏக்கர், கால் பங்கு 160 ஏக்கர். எண்ணிக்கை தென்கிழக்கு மூலையில் தொடங்கி, மேற்கே போய், வளைந்து கிழக்கே திரும்பி, வடகிழக்கு மூலையில் முடியும். பலரும் தவறவிடுவது கடைசி எண்ணை. டபிள்யூ 3க்குப் பதில் டபிள்யூ 2 என்று போட்டால் குடும்பம் 270 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே குடிபெயர்ந்துவிடும்.

கனடாவின் 1872ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டி ஒரு கால் பங்கை எடுத்து, அங்கேயே குடியிருந்து, நிலத்தை உடைத்து உழுதால், மூன்று ஆண்டுக்குப் பின் பட்டா கேட்க முடிந்தது. அந்த விண்ணப்பத்தில் எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் உடைத்தார், மாடு குதிரை எத்தனை, வீட்டின் அளவும் மதிப்பும் என்ன என்பதெல்லாம் இருக்கும். சஸ்காட்சுவான் மாகாண ஆவணக்காப்பகத்தில் நில எண்ணைச் சொன்னாலே அந்தக் கோப்பைத் தேடலாம். பலர் ‘நூலகம் மற்றும் ஆவணக்காப்பகம் கனடா’ என்ற தேசிய நிறுவனத்தின் நிலமானியப் பட்டியலை மட்டும் பார்த்து ‘எங்கள் தாத்தா பெயர் இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். அது பட்டா வாங்கியவர்களின் பட்டியல். வறட்சியில் கைவிட்டுப் போனவர் அடுத்து வந்தவரின் கோப்புக்குள்தான் கிடப்பார். 1906, 1916 பிரெய்ரி மக்கள்தொகைக் கணக்கிலும் செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்சு, மெரிடியன் உண்டு; பெயர் சிதைந்திருந்தாலும் இடத்தை வைத்துப் பிடித்துவிடலாம்.

மாகாணத்தின் 75ஆம் ஆண்டான 1980ஐ ஒட்டி வட்டாரந்தோறும் ஊர் வரலாற்று நூல்கள் வந்தன. அருமையான வேலை; ஆனால் எழுதிக் கொடுத்த குடும்பங்களின் வரலாறு அது. கூலியாளும் கஃபே நடத்திய சீனரும் ஒரு வரியில் முடிந்துவிடுவார்கள். பெண்கள் கணவர் பெயருக்குள் மறைந்திருப்பார்கள். அந்த மண்ணில் முன்பே இருந்த கிரீ பழங்குடியினருக்கும், பழங்குடி-ஐரோப்பியக் கலப்பு வழிவந்த மெத்தி மக்களுக்கும் பல நூல்களில் முதல் பக்கத்தோடு சரி.

வீட்டில் இருக்கும் படங்களுக்கு வருகிறேன். 1970களின் ஒட்டும் பக்க ஆல்பம்தான் மோசமான எதிரி. பசை இறுகிப்போயிருக்கும்; பிய்த்தால் படம் கிழியும். முதலில் பக்கத்தை முழுசாகப் படமெடுங்கள். யார் பக்கத்தில் யார் என்ற வரிசையே ஒரு தகவல். பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுக்கலாம். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பின்புறம் பால்பாயிண்ட் வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். பழைய தாளில் மென்மையான பென்சில் போதும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலத் தாளில் பென்சில் பிடிக்காது, எனவே உறையில் எழுதி, அதற்குப் பிறகு படத்தை உள்ளே போடுங்கள். ஸ்கேன் 600 டிபிஐ, டிஃப் வடிவம். 4x6 அங்குல வண்ணப்படம் சுமார் 26 எம்பி வரும். இன்றைக்கு அது ஒரு சுமையே இல்லை. பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். கோப்பின் பெயர் நில எண்ணில் தொடங்கட்டும், பிறகு ஆண்டு.

கல்லறையில் கம்பி பிரஷ், பிளீச், ஷேவிங் நுரை மூன்றும் கூடாது. தேய்ந்த எழுத்துக்குக் கண்ணாடியால் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பினால் போதும். வரிசையை முழுதாகப் பதியுங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே காலியாகத் தெரியும் இடத்தில் மரச்சிலுவை எரிந்துபோன குழந்தையின் குழி இருக்கலாம்.

பெரியவர்களிடம் ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கினால் பேச்சு நகராது. 1920களின் கம்மின்ஸ் வரைபடத்தை விரியுங்கள். கால் பங்குதோறும் உரிமையாளர் பெயர் இருக்கும். சாலையில் விரலை ஓட்டி ‘இந்த வீட்டில் யார், எங்கே போனார்கள்’ என்று கேளுங்கள். பேச்சைப் பதியும்போது இரைச்சல் விழாமலிருக்க ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் கார் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். மறுபடி போடாமல் கிளம்ப முடியாது.

இதற்கெல்லாம் கெடு ஒன்று உண்டு: பண்ணை ஏலம். டிராக்டருக்கு விலை கேட்கக் கூட்டம் வரும், நிலவறைக் காகிதமோ எரிக்கும் பீப்பாய்க்குப் போகும். 1895இல் ஃபிளெமிங் என்ற ஊரில் கட்டிய எலிவேட்டர் 2010இல் தீக்கிரையானது ஊருக்கே தெரிந்தது. காகிதம் எரிவது யாருக்கும் தெரியாது. ஏலத் தேதி குறிக்கும் முன்பே கோதுமை வாரிய பெர்மிட் புத்தகம் (தானியம் விற்க உழவருக்குக் கொடுத்த அனுமதிப் புத்தகம்), வரி ரசீது, பள்ளி அறங்காவலர் குறிப்பேடு ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். குளிர்காலத்தில் சூடேற்றாத உள்ளூர் அருங்காட்சியகத்தில் மூலத்தை வைத்தால் எலிக்குத்தான் விருந்து. மூலம் மாகாண ஆவணக்காப்பகத்துக்கு, நகல் உள்ளூருக்கு. கொடுக்கும்போது யார் பார்க்கலாம், யார் வெளியிடலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரெஜைனா, சஸ்காட்சுவான்