சவோய் வாரிசுரிமை: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் முன்னாள் அரச குடும்பமான சவோய் குடும்பத்தைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக ஆண்களுக்கே உரியதாக இருந்த வாரிசுரிமை இப்போது வித்தோரியா என்ற இளம்பெண்ணுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது என்றும், அது பெண்ணுரிமைக்குக் கிடைத்த வெற்றி என்றும் கட்டுரையாளர் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். மகிழ்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த விதியை மாற்றியவருக்கு அதை மாற்றும் அதிகாரம் இருந்ததா என்ற கேள்வியைக் கட்டுரை எழுப்பவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பே வெளிப்படையாக வெடித்த பங்காளிச் சண்டையைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை.

1946 ஜூன் 2 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 1 கோடியே 27 லட்சம் பேர் குடியரசுக்கும், 1 கோடியே 7 லட்சம் பேர் முடியாட்சிக்கும் வாக்களித்தனர். மே மாதம்தான் அரியணை ஏறியிருந்த இரண்டாம் உம்பெர்த்தோ நாட்டைவிட்டு வெளியேறிப் போர்ச்சுகலில் குடியேறினார். 1948-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், முன்னாள் மன்னர்களும் அவர்களுடைய ஆண் வாரிசுகளும் இத்தாலிய மண்ணில் கால்வைக்கத் தடை விதித்ததோடு, பிரபுத்துவப் பட்டங்களுக்கு இனி அங்கீகாரம் இல்லை என்றும் அறிவித்தது. அந்தத் தடை 2002-இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே இன்று 'பட்டத்துக்குரியவர்' என்று யாரைச் சொன்னாலும், இத்தாலியச் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு சாதாரணக் குடிமகனே.

இனி, மாற்றப்பட்டதாகச் சொல்லப்படும் விதிக்கு வருகிறேன். சவோய் குடும்பத்தில் ஆண்வழி மட்டுமே அரியணை ஏறும் என்பது ஏதோ ஒரு வீட்டு வழக்கம் அன்று. 1848-இல் கார்லோ அல்பெர்த்தோ மன்னர் வழங்கிய அரசியல் சாசனத்தின் இரண்டாவது பிரிவு, அரியணை சாலிக் சட்டத்தின்படி (பெண்களை விலக்கி ஆண்வழிக்கே உரிமை தரும் பழைய ஐரோப்பிய விதி) வாரிசுக்குச் சேரும் என்று எழுத்திலேயே வைத்திருந்தது. மன்னரும் அந்தச் சாசனத்துக்குக் கட்டுப்பட்டவரே. அந்தச் சாசனமும் அந்த அரசும் மறைந்த பிறகு, உம்பெர்த்தோவின் மகன் வித்தோரியோ எமானுவேலே 2019 டிசம்பரில் ஒரு குடும்ப ஆணை பிறப்பித்து, ஆண் பெண் வேறுபாடின்றி மூத்த பிள்ளைக்கே உரிமை என்று மாற்றினார். அவருடைய ஒரே மகன் எமானுவேலே ஃபிலிபெர்த்தோவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளை இல்லை. பழைய விதி நீடித்திருந்தால் அந்தக் கிளை அவரோடு முடிந்து, உரிமை பங்காளி வீடான அவோஸ்தா கிளைக்குப் போயிருக்கும். மூத்த பேத்தி வித்தோரியாவின் 16-ஆவது பிறந்தநாளில் அந்த ஆணையில் தேதியிடப்பட்டது என்பதையும், அதுவரை இந்த விதியைப் பற்றித் தாத்தாவுக்கு அவசரம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுவீடனில் 1980-இல் இதே மாற்றம் வந்தபோது, பிறந்து சில மாதமே ஆகியிருந்த இளவரசரிடமிருந்து பட்டத்து உரிமை அவருடைய அக்காவுக்குப் போயிற்று. மன்னருக்கே அதில் மனக்குறை இருந்தது. ஆனாலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, விஷயம் முடிந்தது. நார்வேயிலும் பெல்ஜியத்திலும் பிரிட்டனிலும் அப்படியே. ஒரு குடும்பத் தலைவர் தன் கையெழுத்தால் செய்த மாற்றத்தை இவற்றோடு ஒரே வரிசையில் வைத்துக் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று.

பெண்ணுரிமை என்ற வாதத்தையே ஏற்றுக்கொண்டாலும் அதை எதுவரை கொண்டுபோவது என்ற சங்கடம் இருக்கிறது. வித்தோரியோ எமானுவேலே 1937-இல் பிறந்தவர். அவருடைய அக்கா மரியா பியா 1934-இல் பிறந்தவர். மூத்த பிள்ளைக்கே உரிமை என்றால் ஆணை பிறப்பித்தவருக்கே அந்த இடம் இல்லை. அவருடைய தந்தை உம்பெர்த்தோவுக்கும் இரண்டு அக்காமார் உண்டு. அவர்களில் மஃபால்தா 1944-இல் புகன்வால்ட் நாஜி முகாமில் உயிரிழந்தவர். அக்காமாரைத் தாண்டி வந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, பேத்தியிலிருந்து மட்டும் சமத்துவத்தைத் தொடங்குவதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வராது.

இதைவிட முக்கியமானது, வித்தோரியோ எமானுவேலேவுக்கே தலைமை உரிமை இருந்ததா என்பது. அரச குடும்பத்தார் மன்னரின் சம்மதம் பெற்றே மணம்புரிய வேண்டும் என்று 1780-இல் போடப்பட்ட குடும்பச் சட்டம் ஒன்று உண்டு. அதை நினைவூட்டி உம்பெர்த்தோ 1960-இலும் 1963-இலும் மகனுக்குக் கடிதங்கள் எழுதினார். சம்மதமின்றி மணந்தால் நீ தகுதியை இழப்பாய், குடும்பத் தலைமை அவோஸ்தா கிளையின் அமெதேயோவுக்குச் செல்லும் என்பது அவற்றின் சாரம். மகன் கேட்கவில்லை. 1969-இல், பொதுவாக்கெடுப்புக்கு இடம்கொடுத்ததன் மூலமே தந்தை அரியணையைத் துறந்துவிட்டார் என்று வாதித்து, உயிரோடு இருந்த தந்தையைத் தாண்டித் தன்னையே மன்னராக அறிவித்துக்கொண்டார். பிறகு 1971-இல் தெஹ்ரானில், சுவிட்சர்லாந்தின் நீர்ச்சறுக்கு வீராங்கனை மரினா தோரியாவை மத முறைப்படி மணந்தார். உம்பெர்த்தோவின் சம்மதம் அதற்கு இல்லை. ஆனால் 1983-இல் ஜெனீவாவில் இறக்கும்வரை மகனை நீக்கிவிட்டதாக உம்பெர்த்தோ பகிரங்கமாக அறிவிக்கவும் இல்லை. அந்த மௌனத்தைச் சம்மதமாக மகன் தரப்பு எடுத்துக்கொண்டது. கடிதங்களையே தீர்ப்பாக அவோஸ்தா தரப்பு எடுத்துக்கொண்டது.

பழைய விதிகளை மட்டும் வைத்து என்னைக் கேட்டால் அவோஸ்தா தரப்பின் வாதமே வலுவானது என்பேன். அதற்காக அவர்களுக்கு நற்சான்றிதழ் வழங்கவும் முடியாது. 1971-ஆம் ஆண்டுத் திருமணத்தால் உரிமை போயிற்று என்றால், அமெதேயோ தன்னைக் குடும்பத் தலைவராக அறிவித்துக்கொள்ள 2006 ஜூலை வரை ஏன் காத்திருந்தார்? அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வித்தோரியோ எமானுவேலே இத்தாலியில் கைதாகியிருந்தார் (அந்த வழக்கிலிருந்து அவர் பின்னர் விடுவிக்கப்பட்டார்). அதற்கும் முன்பு, 2004-இல் ஸ்பெயின் இளவரசர் ஃபிலிப்பேயின் திருமணத்தையொட்டி மாட்ரிட்டின் ஸர்ஸுவேலா அரண்மனையில் நடந்த விருந்தில், வித்தோரியோ எமானுவேலே அமெதேயோவின் முகத்தில் இருமுறை குத்தியதாகவும், கீழே விழப்போனவரைக் கிரேக்கத்தின் முன்னாள் அரசி தாங்கிப் பிடித்ததாகவும் ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. அந்த அரண்மனை இருக்கும் நாட்டை அமெதேயோவின் முன்னோர் ஒருவர் 1873 வரை இரண்டே ஆண்டுகள் மன்னராக ஆண்டு, தாக்குப்பிடிக்க முடியாமல் முடிதுறந்து போனவர் என்பது உபரித் தகவல்.

விற்றுப்போன நிலத்துக்கு வரப்புத் தகராறு ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். கையில் மிச்சமிருப்பவற்றில் முதன்மையானவை விருதுப் பட்டங்கள். அன்னுன்சியாத்தா விருதுப் பட்டத்தை இத்தாலியக் குடியரசு 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்துவிட்டது. புனித மௌரீசியோ, லாசரோ பெயரிலான மற்றொரு விருது அமைப்பை மருத்துவமனை நிறுவனமாக மட்டும் நீடிக்க விட்டது. ஆனால் சவோய் குடும்பம் தன் பெயரில் இந்தப் பட்டங்களை இன்றும் வழங்கிவருகிறது. குடும்பத் தலைவர் யாரோ அவர்தான் அவற்றுக்கும் தலைவர்.

அரச நகைகளின் கதை வேறு. 1946 ஜூனில் உம்பெர்த்தோவின் உத்தரவுப்படி அவை இத்தாலிய மத்திய வங்கியின் காப்பறைக்குச் சென்றன. உரிமை உள்ளவர் யாரோ அவருக்காக வைத்திருக்கும்படி ஒப்படைப்புக் குறிப்பில் எழுதப்பட்டிருந்ததே தவிர, அவர் யார் என்று எழுதவில்லை. உம்பெர்த்தோவின் பிள்ளைகள் அவற்றைக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2025-இல் ரோம் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. இதற்கு நேர்மாறாக, 15-ஆம் நூற்றாண்டு முதல் குடும்பச் சொத்தாக இருந்த, இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும் டூரின் சவத்துணியை உம்பெர்த்தோ தம் உயிலில் போப்பாண்டவருக்கு எழுதிவைத்தார். அது 1983-இல் எந்தச் சச்சரவும் இல்லாமல் கைமாறியது. உயிலில் எழுதக்கூடிய பொருளாக அது இருந்தது. குடும்பத் தலைமை அப்படி இல்லை.

அமெதேயோ 2021-இலும், வித்தோரியோ எமானுவேலே 2024 பிப்ரவரியிலும் இறந்துவிட்டார்கள். இப்போது எமானுவேலே ஃபிலிபெர்த்தோவும் அமெதேயோவின் மகன் ஐமோனேயும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஐமோனேவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் உண்டு. 2019-ஆம் ஆண்டு ஆணையை அவர் தரப்பு ஏற்கவில்லை. இத்தனை இருக்க, வித்தோரியாவின் படத்தின் கீழ் 'இத்தாலியின் வருங்கால அரசி' என்று தாங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள். இத்தாலிக்கு அரசி கிடையாது. அந்தக் குடும்பத்துக்குள்ளும் அவருடைய இடம் சர்ச்சையில் இருப்பது. அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தையும், ஐமோனே தரப்பின் மறுப்பையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.