வேட்டைக் கோப்பையா, பச்சைத் தோலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்க வேட்டைப் பண்ணைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ‘வேட்டைக் கோப்பைகளுடன் விமானம் ஏறுகிறார்கள்’ என்று ஒரு வரி இருந்தது. ட்ரோஃபி என்றதும் கோப்பை என்று போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. பள்ளி விளையாட்டு விழாவில் கொடுப்பதுதான் கோப்பை. இங்கே பேச்சு, செத்த மிருகத்தின் தோல், மண்டையோடு, கொம்பு பற்றியது. வரியின் அடுத்த பாதியும் சரியில்லை. யாரும் அவற்றோடு விமானம் ஏறுவதில்லை. வேட்டைக்கு வந்தவர் பத்து நாளில் ஊர் திரும்பிவிடுவார். அவர் சுட்டது பல மாதம் கழித்து, சில சமயம் வருடம் தாண்டி, தனிச் சரக்காகப் போய்ச் சேரும். வேட்டை சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் சரக்கு முகவராக இருப்பவன் என்ற முறையில், அனுப்பும் வேலை எப்படி நடக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கெடுவதில் பெரும்பகுதி, சுட்ட அன்றே பண்ணையின் தோல் கொட்டகையில் கெட்டுவிடுகிறது. உரித்த சில மணி நேரத்துக்குள் தோலில் உப்பு ஏற வேண்டும். அதற்கு முன் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுக்க வேண்டும். காது மடலைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து உள்ளிருந்து வெளியாகப் புரட்ட வேண்டும். உதடு, மூக்கு, கண்ணிமை ஆகியவற்றை உட்புறமாகக் கீறி விரிக்க வேண்டும். இந்த நான்கு இடங்களில்தான் சோம்பேறித்தனம் பின்னால் காட்டிக்கொடுக்கும். உப்பு தூள் உப்பாக இருக்கட்டும். கல் உப்பு போட்டால் பரல்களுக்கு நடுவே உப்புப் படாத திட்டுகள் நின்றுவிடும். ஒரு கிலோ பச்சைத் தோலுக்கு அரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது. கிலோவுக்குக் கிலோ போட்டால் கவலையே இல்லை. சரிவான தளத்தில் 24 மணி நேரம் விட்டு, வடிந்த நீர் ஓடிய பின் நனைந்த உப்பை உதறிவிட்டுப் புது உப்பு தேய்த்து, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் மேற்பரப்பு பொருக்குக் கட்டி, உள்ளே ஈரம் தங்கிவிடும். அப்படிப்பட்ட தோல் பின்னர் பதனிடும் தொட்டியில் சரியாக ஊறாது. கட்டையாக விறைப்பதற்குள் பெட்டி அளவுக்கு மடித்துவிடவும் வேண்டும்.

கருவாடு போடுகிறவர்களுக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதில் புதிதாக எதுவும் இல்லை. அங்கே முடி போக வேண்டும், இங்கே முடி நிற்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். உப்பு தாமதமானால் பாக்டீரியா முடி வேரைத் தளர்த்திவிடும். வெளியே பார்த்தால் தோல் நன்றாகவே இருக்கும். வேறொரு நாட்டில் பதனிட ஊறப்போடும்போது காதோரத்திலும் கண்ணைச் சுற்றியும் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். பழி அப்போது விமானத்தின் மேல் விழும்.

மண்டையோட்டுக்கு வேறு கணக்கு. அவித்துச் சதையைக் கழற்றலாம், ஆனால் கொம்பு தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். அதிகம் கொதித்தால் பல் ஆடும், மூக்கெலும்பு பொரிந்து உதிரும். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். துணி வெளுக்கும் பிளீச்சிங் தூளைத் தொடவே கூடாது. அது எலும்பை விட்டுவைக்காது. கூடூ, இம்பாலா, ஓரிக்ஸ் போன்ற மான்களுக்குக் கொம்பு என்பது எலும்பின் மேல் மாட்டிய உறை. இரண்டுக்கும் இடையில் இருக்கும் சவ்வு அழுகினால் நாற்றமும் புழுவும் அங்கிருந்துதான் வரும். ஆகவே உறையைத் திருகிக் கழற்றி, உள் எலும்பைச் சுத்தம் செய்து, பூச்சிமருந்து காட்டி, உறைகளைத் தனியாகவே பெட்டியில் வைக்கிறார்கள். இதில் ஓர் ஆதாயமும் உண்டு. கூடூவின் கொம்பு நம் வெளிமானின் முறுக்குக் கொம்பைப் பெரிதாக்கிய மாதிரி இருக்கும். வளைவோடு வளைவு சேர அளந்தால் 50 அங்குலத்தைத் தாண்டும். மண்டையோட்டில் நின்றபடி அடைத்தால் பெட்டி முழுவதும் காற்று. கழற்றினால் இரண்டையும் ஒன்றோடொன்று பின்னிப் படுக்கவைத்துவிடலாம்.

காற்றுக்கும் கட்டணம் உண்டு என்பதுதான் வான்வழிச் சரக்கின் முதல் பாடம். நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 6,000 ஆல் வகுத்தால் வருவது கன எடை. அதிலும் தராசு எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் பில். இங்கேயே பாடம் செய்து, அதாவது பதனிட்ட தோலை அச்சின் மேல் போர்த்தி உயிருள்ளது போல் ஆக்கி, முடித்த கூடூ தலைக்கு 150 × 90 × 120 செ.மீ. பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 270 கிலோ வருகிறது. தராசில் அதில் பாதிகூட இருக்காது. அதே மிருகத்தின் உலர்ந்த தோல், மண்டையோடு, கழற்றிய கொம்பு எல்லாம், கூடவே இன்னும் இரண்டு சிறு மான்களின் பாகங்கள், 110 × 60 × 50 பெட்டியில் அடங்கினால் 55 கிலோதான். இப்படிப் பாடம் செய்யாமல், கிருமிநாசினியிலும் பூச்சிமருந்திலும் முக்கி உலர்த்தி அனுப்புவதை இங்கே ‘டிப் அண்ட் பேக்’ என்பார்கள். அரசு கால்நடைத் துறை ஒப்புதல் பெற்ற இடத்தில்தான் அதைச் செய்யலாம். ஊரில் நல்ல பாடக்காரர் இருக்கிறவர்களுக்கு இதுவே உத்தமம் என்பது என் கருத்து. முழு உருவமாகப் பாடம் செய்தவைக்கு உயரமும் இடிக்கும். பெரிய பயணிகள் விமானங்களிலேயே வயிற்றுப் பகுதியில் சுமார் 160 செ.மீ.க்கு மேல் ஏறாது. அதற்கு மேல் போனால் சரக்கு விமானம், இல்லையென்றால் கப்பல்.

இனி, கட்டுரையோடு வந்த படம். மூடி திறந்த மரப்பெட்டிக்குள் ஒரு கூடூ தலை. பார்க்க அழகாக இருந்தது; பெட்டி மகா மோசம். இடது கொம்பின் நுனி பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஒரு தட்டுத் தட்டினால் நுனி போகும், அல்லது அதிர்ச்சி அடிக்குப் போய்க் கழுத்தில் விரிசல் விழும். எந்தப் பக்கமும் ஐந்து செ.மீ. இடைவெளி வேண்டும். தலையைத் தாங்குவது அதன் பின்பலகை மட்டுமே. பெட்டிக்கு வெளியிலிருந்து திருகாணி போட்டு அந்தப் பலகையைச் சுவரோடு இறுக்க வேண்டும். தலையைச் சுற்றித் தெர்மோகோல் திணித்துத் தாங்க வைத்தால் முடி நசுங்கிப் படிந்துவிடும், காது மடங்கும். படத்தில் இருப்பது போல் பிளாஸ்டிக் தாள் இறுகச் சுற்றவும் கூடாது. குளிரிலிருந்து வெப்பத்துக்கு இறங்கும்போது உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

மூடிக்கு ஆணி அடித்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவர், சுங்கம், இறங்கும் நாட்டின் வனவிலங்கு ஆய்வாளர் என்று மூன்று பேராவது திறந்து பார்க்க வாய்ப்புள்ள பெட்டி அது. ஆணியென்றால் கடப்பாரை வரும். கடப்பாரை வந்த பெட்டியை யாரும் பழையபடி மூடித் தரமாட்டார்கள். திருகாணி போதும். பெட்டிச் சட்டங்களில் முத்திரையையும் காணவில்லை. பச்சை மரத்தில் பூச்சி ஒளிந்து நாடு தாண்டாமலிருக்க, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்றி, கோதுமைக் கதிர் சின்னமும் நாட்டுக் குறியும் சிகிச்சைக் குறியும் பதிக்க வேண்டும் என்பது உலக விதி. பிளைவுட்டுக்கு இது தேவையில்லை. அதனால்தான் சுவர் பிளைவுட்டிலும் சட்டம் மரத்திலும் செய்கிறார்கள். கடைசி நேரத்தில் உடைந்த சட்டத்துக்குப் பதில் மூலையில் கிடந்த முத்திரையில்லாத ரீப்பரை அடித்துவிடுவார்கள். அந்த ஒரு துண்டுக்காக மொத்தப் பெட்டியும் நிற்கும்.

உலர்ந்த தோலில் உப்பு இருந்துகொண்டே இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்புநீர் கசிந்து விமானத்தின் அலுமினியத்தில் பட்டால் அரிப்பு பிடிக்கும். விமானக் கம்பெனிகள் அரைகுறையாக உலர்ந்த தோலை வாசலிலேயே திருப்புவது இதனால்தான். நாற்றம் இரண்டாவது காரணம். வார்ட்ஹாக் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றியின் தந்தப் பற்களை முன்பே கழற்றி, பஞ்சில் சுற்றி, எண் அட்டையோடு தனிப் பையில் போட வேண்டும். சூடு குளிர் மாறினால் அவை நெடுக வெடிக்கும்.

காகிதம் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. வேலையில் பாதி அதுதான். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் சைட்டிஸ். கூடூவுக்கும் இம்பாலாவுக்கும் அதன் அனுமதி தேவையில்லை. சிறுத்தை அந்த ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் இறங்கும் நாட்டின் இறக்குமதி அனுமதி முதலில் கைக்கு வர வேண்டும், பிறகுதான் ஏற்றுமதி அனுமதி. தோலில் எண் பதித்த பூட்டுப் பட்டையும் வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது சிறுத்தையில் இல்லை, பபூன் குரங்கில். பண்ணைக்காரருக்கு அது பயிரைக் கெடுக்கும் தொல்லை, போகிற போக்கில் ஒன்றைச் சுடச் சொல்வார். குரங்கினம் அத்தனையும் குறைந்தது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாத ஒரு குரங்கு மண்டையோடு, அனுமதி தேவையே இல்லாத ஐந்து மான்களையும் சேர்த்துச் சிறைவைத்துவிடும். ஒட்டகச்சிவிங்கியும் 2019 முதல் இரண்டாம் பட்டியலில் உண்டு.

சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி அதிகபட்சம் ஆறு மாதம்தான் செல்லும். பாடக்காரர் வேலை முடிக்க எட்டு மாதம் எடுப்பார் என்றால் வேட்டை முடிந்த கையோடு அனுமதி வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை. புறப்படும் விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைப் பார்த்து, உண்மையில் போகும் எண்ணிக்கையை அனுமதியில் எழுதி முத்திரை போட வேண்டும். அந்தக் கட்டம் காலியாகப் போனால் மறுமுனையில் அனுமதியே செல்லாது என்று எடுத்துக்கொள்ள வழியுண்டு. பெட்டியோடு போகும் சரக்குப் பட்டியலில் ‘வரிக்குதிரை ஒன்று’ என்று எழுதினால் போதாது. அறிவியல் பெயர், தோல் எத்தனை, மண்டையோடு எத்தனை, குளம்பு எத்தனை, ஒவ்வொன்றின் அட்டை எண் என்று வர வேண்டும். பெட்டியில் குளம்பு நான்கும் பட்டியலில் தோல் மட்டுமும் இருந்தால் அந்த நான்கும் கணக்கில் வராத சரக்கு. பெறுநர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஷியலை ஒரு தாளில் சுருக்கி, ஒரு தாளில் விரித்து எழுதும் நம் வழக்கம் இங்கே ஆகாது. இரண்டு நண்பர்கள் செலவு மிச்சமென்று ஒரே பெட்டியில் போட்டால், ஒருவர் காகிதம் நின்றாலும் இருவர் சரக்கும் நிற்கும்.

‘விமானக் கம்பெனிகள் எல்லாம் தடை செய்துவிட்டன’ என்று கட்டுரை சொல்வதும் பாதி உண்மைதான். ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் கொல்லப்பட்ட பின், 2015 ஆகஸ்டில் டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் ஆகிய அமெரிக்க விமானக் கம்பெனிகள் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தையும் ஏற்க மறுத்தன. சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் அந்த ஏப்ரலில் சிலவற்றுக்குப் போட்ட தடையை ஜூலையிலேயே எடுத்துவிட்டது. தடைகள் கம்பெனிக்குக் கம்பெனி, மிருகத்துக்கு மிருகம் வேறுபடும். இடையில் விமானம் மாற்றும் நாட்டின் விதியும் சேரும். ஏர்வே பில் என்ற வான்வழிச் சரக்குச் சீட்டு போடுவதற்கு முன் முழு வழித்தடத்துக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் பெட்டியை நகர்த்தக் கூடாது.

அமெரிக்காவுக்கு என்றால் வனவிலங்குச் சரக்கு இறங்கக் குறிப்பிட்ட நிலையங்கள் உண்டு. நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன் அவற்றில் சில. பாடம் செய்யாத மான், பன்றித் தோல்கள் அங்கே வீட்டு முகவரிக்குப் போக முடியாது. கால்நடை நோய் பயத்தால், அந்நாட்டு வேளாண் துறை ஒப்புதல் பெற்ற பாடக்காரரிடம் நேரே போக வேண்டும். முகவர் முன்பே அமர்த்தப்படாவிட்டால் கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும்.

‘கோப்பை’ என்ற சொல்லுக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். படத்தையும் மாற்ற முடிந்தால் நல்லது. அந்தப் பெட்டியை மாதிரியாக எடுத்துக்கொண்டு யாராவது செய்துவிடப் போகிறார்கள்.

தங்கள்,
வான்வழிச் சரக்கு முகவர் ஒருவர்,
கெம்ப்டன் பார்க், தென்னாப்பிரிக்கா