பாடியவர்களின் பெயரையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெண்கள் பாப் குழுக்களின் வளர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் 2023இல் தென்கொரியாவின் பிளாக்பிங்க் பெண்கள் குழு முதன்மைக் கலைஞர்களாக மேடையேறியதை மிக நன்றாக எழுதியிருந்தார்கள். ஆனால் 1960களின் அமெரிக்கக் குழுக்களுக்கு ஒரே ஒரு பத்தி. அதிலும் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் திறமைதான் பேசப்பட்டது. பாடிய பெண்கள் எங்கே?

1961 ஜனவரியில் ஷிரெல்ஸ் குழுவின் பாட்டு அமெரிக்கப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நியூ ஜெர்சியின் பசாயிக் நகரில் ஒரே பள்ளியில் படித்த நான்கு பெண்கள் அவர்கள்.

அடுத்த ஆண்டு நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. கிரிஸ்டல்ஸ் என்ற பெண்கள் குழுவின் பெயரில் 'ஹீ இஸ் எ ரெபெல்' என்ற பாட்டு வெளிவந்து முதலிடத்துக்குப் போனது. அந்த இசைத்தட்டில் கிரிஸ்டல்ஸ் பெண்களின் குரலே இல்லை! ஒலிப்பதிவு நடந்த லாஸ் ஏஞ்சலஸில் அவர்கள் இல்லை, ஸ்பெக்டருக்கோ அவசரம். அங்கேயே இருந்த டார்லீன் லவ்வையும் அவருடைய பிளாசம்ஸ் குழுவையும் பாட வைத்துவிட்டார். பாடியவரின் பெயர் தட்டில் வரவில்லை. பெயருக்கு உரியவர்களோ, தாங்கள் பாடாத பாட்டை ஊர் ஊராக மேடையில் பாட வேண்டியதாயிற்று. 1980களில் டார்லீன் லவ் வீட்டு வேலை செய்து பிழைத்தார். ஒரு வீட்டில் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது தன் கிறிஸ்துமஸ் பாட்டு ரேடியோவில் ஒலித்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இசைக்கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2011இல்தான்.

ரோனெட்ஸ் என்ற மூன்று பெண்கள் குழுவின் கதை வேறு மாதிரி. ஸ்பெக்டரின் நிறுவனத்தோடு 1963இல் போட்ட ஒப்பந்தத்துக்கு மூவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 15,000 டாலர் முன்பணம் கிடைத்தது. அதன் பிறகு ராயல்டி, அதாவது விற்பனையில் பாடியவர்களுக்கு வரவேண்டிய பங்கு, என்று எதுவும் வரவில்லை. வழக்கு நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2002இல் தீர்ப்பு வந்தது. தட்டு விற்பனைக்கு ராயல்டி உண்டு, ஆனால் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பாட்டைக் கொடுத்து வந்த பணத்தில் பங்கில்லை என்றது நீதிமன்றம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்ததாம்.

அதே காலத்து அமெரிக்கப் பெண்கள் குழுவான சுப்ரீம்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃப்ளோரன்ஸ் பல்லார்டு 1967இல் வெளியேற்றப்பட்டு, 1976இல் 32 வயதில் இறந்துபோனார். அந்தக் குழுவின் 12 முதலிடப் பாட்டுகளைப் பேசும் இடத்தில் அவர் பெயரும் வர வேண்டாமா?

இவை பழங்கதைகள் அல்ல. தென்கொரியாவில் 2009இல் ஓர் ஆண்கள் குழுவைச் சேர்ந்த மூவர் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு அந்நாட்டு நியாய வணிக ஆணையம் ஏழு ஆண்டு வரம்புடன் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. பல பெண்கள் குழுக்கள் சரியாக ஏழாம் ஆண்டில் கலைவதற்கும் இந்த வரம்புக்கும் தொடர்பு உண்டு. உங்கள் கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது இந்த ஒப்பந்தங்களைப் பற்றியும் விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்