அந்த லப்டொப்பை அனுப்பாதே, மச்சான்

விசுவமடு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை. வெட்டு முடிந்து நெல்லைக் காயவைத்து ஏற்றும்வரை பேனையைத் தொட நேரம் கிடைக்கவில்லை. காலபோகம் இம்முறை பரவாயில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்துக்கும் காணும் என்கிறார்கள். அம்மாவின் முழங்கால்தான் அப்படியே இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயம். கம்பஸ் போகிற பிள்ளைக்கு உன் மகன் பாவித்த லப்டொப்பை அனுப்பட்டுமா என்று எழுதியிருந்தாய். உன் மனம் எனக்குத் தெரியும். ஆனாலும் அனுப்பாதே. கோபிக்காமல் ஏனென்று கேள்.

நீ அனுப்பிய படத்தில் இன்டெல் செயலியின் பெயரைப் பார்த்ததும் "ஐ7, உயர்ந்த ரகமல்லவா, பிறகென்ன" என்று நான் துள்ளினேன். மகள் படத்தைப் பெரிதாக்கி, ஒட்டியிருந்த இலக்கத்தைக் காட்டினாள். ஐ7-க்குப் பின்னால் 7700 என்று இருக்கிறதே, அதில் முதல் 7தான் தலைமுறையாம். ஏழாம் தலைமுறை, 2017இல் வந்தது. விண்டோஸ் 11 போட இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. இப்போது வருகிற, ஒரு படி கீழான ஐ5 கூட அந்தப் பழைய ஐ7ஐ வென்றுவிடும் என்றாள். சுழி பார்க்காமல் மாடு பிடிக்கப் போன கதைதான் என்னுடையது.

அதைவிட, அது கேம் விளையாடவென்று செய்த மெஷின். சார்ஜரோடு சேர்த்தால் மூன்றரைக் கிலோ வரும். வெள்ளி பின்னேரம் கிளிநொச்சி அறிவியல்நகர் ஹொஸ்டலிலிருந்து வெளிக்கிட்டு, பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடித்து, பெரும்பாலும் நின்றபடியே வருகிற பிள்ளை அவள். தோளில் அந்தச் சுமை வேண்டாம்.

கரண்ட் விஷயமும் இருக்கிறது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. கடைக்காரர் "எட்டு மணித்தியாலம் நிற்கும்" என்று சொல்வதை விடு, கணக்கு லேசானது. பற்றரியில் 50 வாட்மணி என்றிருந்தால், 10 வாட் குடிக்கிற மெஷின் ஐந்து மணித்தியாலம் ஓடும். 25 வாட் குடித்தால் இரண்டுதான். கேம் மெஷின்கள் குடிகாரர்கள். அவற்றின் சார்ஜரை எங்கள் வீட்டுச் சின்ன இன்வேர்ட்டரும் தாங்காது.

பழையது என்றாலே நான் பின்வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் சங்கக் கணக்கு எழுத ஒரு கடையில் பாவித்த லப்டொப் வாங்கினேன். ஆறு மாதத்தில், விரலால் தடவுகிற அந்தத் தட்டு ஒரு பக்கம் மேலெழும்பியது. மூடினால் மூடி பொருந்தவில்லை. தூசு அடைத்துவிட்டதாக்கும் என்று ஊதிப் பார்த்தேன். திருத்துகிற பெடியன் கழற்றிக் காட்டினான்: உள்ளே பற்றரி ஆட்டிறைச்சி ரோல்ஸ் மாதிரி ஊதிக்கிடந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நெருப்புப் பிடித்திருக்கும் என்றான். வாங்கும்போதே விண்டோஸில் பற்றரி அறிக்கை எடுத்து, புதிதில் எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்று பார்த்திருக்கலாம். ஊதப்போவதை அது சொல்லாது. ஆனால் எவ்வளவு தேய்ந்தது என்றாவது தெரிந்திருக்கும்.

ஆகையால் நெல் விற்ற காசில் புதிதாகவே வாங்கிவிட்டோம். மகள் கெட்டிக்காரி. கம்பஸ் லாப்பில், பொறியியல் படம் வரைகிற ஆட்டோகாட் மென்பொருளில் ஒரு படத்தைத் திறந்து, பக்கத்தில் பிரவுசரையும் விட்டு, டாஸ்க் மனேஜரில் மெமரி எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டு வந்தாள். பதினொரு ஜிபி. அதனால் 8 போதாது, 16 என்று முடிவு. மெல்லிய மெஷின்கள் பலவற்றில் ரம் என்கிற அந்த மெமரியை உள்ளிருக்கிற பலகையோடு ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்களாம், பிறகு கூட்ட வழியில்லை. ஒரு இடம் வெறுமையாக இருக்கிற மொடலாகத் தேடினாள். கோப்புகள் வைக்க 512 ஜிபி எஸ்எஸ்டி. ஆப்பிளின் மக்புக் எடுப்போமா என்று ஒரு தோழி கேட்டிருக்கிறாள். இயந்திரப் பாகங்கள் வரைகிற சொலிட்வேர்க்ஸ் அதில் ஓடாது என்றதும் அந்தப் பேச்சு முடிந்தது.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. கடையில் மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து பார்த்தேன். பிணைச்சல் கிறீச்சிட்ட இரண்டை அப்படியே வைத்துவிட்டேன். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. கதவு செய்கிறவன் மகன் நான், வேறெதைப் பார்ப்பேன்?

உன் மகனின் மெஷினை வீசிவிடாதே. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் அங்கேயே யாருக்காவது உதவும்.

ஏதாவது தரத்தான் வேண்டும் என்றால், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது ஒரு நல்ல மவுஸ் கொண்டு வா. ஆட்டோகாட்டில் படத்தை நகர்த்த நடுச்சில்லை அமத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். இங்கே வாங்கியது இரண்டு மாதத்தில் தளர்ந்துவிட்டது. வயர் உள்ளதாகப் பார். வயர் இல்லாததை இவள் பஸ்ஸில் விட்டுவிட்டு வருவாள்.

அன்புடன்,
உன் மச்சான்