பரங்கி வேரில் விளைந்த தர்பூசணி

குமமோட்டோ, ஜப்பான்

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பரங்கி வேரில் ஒட்டுக் கட்டிய தர்பூசணி நாற்றை நட்டதால், மண்ணிலிருந்து வேர்வழி தொற்றும் வாடல் நோயிலிருந்து கொடி தப்பியது என்றும், ஆனால் பழத்தில் பரங்கிக்காய் வாடை அடிக்கிறதென்று வியாபாரி முகம் சுளித்தார் என்றும் எழுதியிருந்தாய். அவர் நாக்கு பொய் சொல்லவில்லை.

இந்நாட்டு உழவர்கள் 1920களின் இறுதியிலேயே இந்த வாடலுக்குத் தப்பத் தர்பூசணியைப் பரங்கி வேரில் ஒட்டினார்கள். பின்னர் சுரைக்கு மாறினார்கள். பரங்கிக் கலப்பின வேர் குளிர்ந்த மண்ணையும் தாங்கும் என்பதால் முன்பருவ நடவுக்கு அதை இன்றும் நாடுகிறார்கள். திண்டிவனத்து வெயிலில் உனக்கு அந்த வரம் எதற்கு?

தர்பூசணியின் மணம் பழத்திற்குள் ஆயத்தமாக இருப்பதில்லை. கத்தி பட்டுச் சதை சிதையும்போது அதிலுள்ள லினோலிக், லினோலெனிக் கொழுப்பு அமிலங்களை நொதிகள் உடைக்க, 9 கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்டிகைடுகள், ஆல்கஹால்கள் என்னும் மணப்பொருள்கள் அந்தக் கணத்தில் பிறக்கின்றன. வேர் மாறும்போது இவற்றின் விகிதமும் மாறக்கூடும். இனிப்பு குறையாத பழத்திலும் வாடை வேறுபடுவது அதனால்தான். பரங்கி வேரில் சதை கெட்டியாகும், தோல் தடிக்கும். தொலைதூரம் அனுப்புவோருக்கு அது ஆதாயம், உண்பவருக்கு அவ்வளவாக இல்லை. காட்டுத் தர்பூசணி வேரில் சுவையும் மணமும் பெரும்பாலும் ஒட்டாத பழத்தை ஒத்திருக்கும். அதன் சில வகைகள் வேர்முடிச்சு நூற்புழுவையும் எதிர்க்கும்.

ஆனாலும் பழி முழுவதையும் வேரின் மேல் போட எனக்கு மனமில்லை. பரங்கி வேரில் கொடி மதமதவென்று வளர்ந்து, பழம் முற்றச் சில நாள் கூடுதலாக எடுத்துக்கொள்வதுண்டு. நீ பழைய கணக்குப்படியே பறித்திருப்பாய் என்று ஐயப்படுகிறேன். கொடி இப்படி வளரும்போது குறைக்க வேண்டிய தழைச்சத்தையும் (நைட்ரஜன் உரத்தையும்) குறைத்திருக்க மாட்டாய், உன் கை தாராளமானது.

அடுத்த போகத்தில் சுரை அல்லது காட்டுத் தர்பூசணி வேரில் ஒட்டிய நாற்றைக் கேட்டு வாங்கு. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடு. புதைந்தால் தர்பூசணியின் மேல்தண்டு தானே வேர்விட்டு, வாடல் மீண்டும் உள்ளே நுழையும். பிஞ்சு பிடித்த நாளிலேயே 10 காய்களுக்கு நூல் கட்டி, 5 காய்களை வழக்கமான நாளிலும், மீதியை ஒரு வாரம் கழித்தும் அறுத்து முகர்ந்துபார்த்து எழுது. வியாபாரியையும் அருகில் வைத்துக்கொள்.

அன்புடன்,
கதிரேசன்