மாமா வாசிச்சாரு, எனக்குத்தான் மனசு ஆறல

அன்பு மச்சான்,

நல்லா இருக்கியா, தங்கச்சி பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா. உன் வாய்ஸ் மெசேஜ் வந்து ரொம்ப நாளாச்சு, இங்க கரண்ட் இருந்தா நெட் இல்ல, நெட் இருந்தா கரண்ட் இல்ல, அதான் ஒரே மூச்சா எழுதிடலாம்னு உக்காந்தேன். நம்ம கோயில் தீமிதி வீடியோ பாத்துட்டு மாமா தவில்ல பின்னிட்டாரு, இந்த வயசுல என்னா கைடான்னு சொல்லியிருந்தியே, அந்த வீடியோல தெரியாததை உனக்கு சொல்லணும். இந்த ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் அம்மன் குடுத்த சக்திம்பாங்க, அதோட பேச்சு முடிஞ்சிரும்.

மாமாவுக்கு ஆக்சிடெண்ட் ஆச்சுன்னு மட்டும்தான் உனக்கு தெரியும். ரங்கூன்ல ஒரு கல்யாணத்துக்கு வாசிச்சிட்டு ராத்திரியோட ராத்திரியா நம்ம ஊர் பெகுவுக்கு திரும்பிட்டு இருந்தோம், வாடகை ப்ரோபாக்ஸ் வண்டி, நான் டிரைவருக்கு பின்னாடி நாயனத்தை மடில வச்சிக்கிட்டு, மாமா முன் சீட்டுல இடது பக்கம். இங்க ரோடு நெலவரம் உனக்கு மறந்திருக்காது. 1970ல ஒரே நாள்ல இடது பக்கம் ஓட்டிட்டு இருந்த பர்மா நாட்டையே வலது பக்கத்துக்கு மாத்தினாங்க, ஆனா ஜப்பான்லேந்து வந்த பழைய வண்டி எல்லாம் வலது ஸ்டியரிங், இன்னும் நிறைய அதான் ஓடுது. முன்னாடி போற லாரியை முந்தணும்னா டிரைவருக்கு எதிர்ல வர்றது தெரியாது, இடது பக்கம் உக்காந்திருக்கவன் எட்டிப் பாத்து போ போன்னு சொல்லணும். மாமா கண்ணசந்துட்டாரு, டிரைவர் தானா வண்டியை வெளிய எடுத்தான், எதிர்ல ஒரு சின்ன ட்ரக்கு, லைட்டு ஒண்ணுதான் எரியுது, பைக்குன்னு நினைச்சிட்டான் போல. கடைசி நேரத்துல உள்ள ஒடிச்சான், ஆனா இடது மூலை போய் நல்லா அடி வாங்கிருச்சு. அடி விழுந்த மூலைலதான் மாமா இருந்தாரு.

பெல்ட் போட்டிருந்ததால உயிர் தப்பிச்சாரு, அந்த பெல்ட்டு குறுக்க இழுத்ததுல இடது காரை எலும்பு விரிசல். அன்னிக்கு எனக்கு ஒண்ணும் இல்லடான்னு டீ குடிச்சிட்டு தூங்கினவரு மறுநாள் காலைல கழுத்தை திருப்ப முடியல. டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு கையை தூளி மாதிரி கட்டிவிட்டு, எலும்பு சேர ஆறுலேந்து பன்னெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் அந்த தோள்ல எந்த வெயிட்டும் ஏறக்கூடாதுன்னு சொன்னாரு. மாமா என்ன தொழில்னு கேட்டாரு, சொன்னோம், அவரு பர்மாக்காரரு, தவில் பாத்ததில்ல, போன்ல ஒரு போட்டோ காட்டினேன், பாத்துட்டு தலைல கை வச்சிக்கிட்டாரு.

ஏன்னா பாரு, அடிபட்ட எடம்தான் மாமா தவிலுக்கு ஆதாரமே, அவரு நாடாவை இடது தோள்ல மாட்டுறவரு. உக்காந்து வாசிச்சா வேற, சாமி புறப்பாடுன்னா பலாக்கட்டைல செஞ்ச அவ்வளவு பாரத்தையும் நாடால மாட்டி தோள்ல தொங்கவிட்டு நடந்துக்கிட்டே வாசிக்கணும், அந்த நாடா சரியா காரை எலும்பு மேல வந்து அழுத்தும். அதோட இடது கைல குச்சி, தொப்பில, அதான் தவிலோட இடது முகத்துல, விழுற ஒவ்வொரு அடியும் முழங்கை வழியா தோளுக்குத்தான் ஏறும். வலது கை, உறை மாதிரி கூடு போட்ட விரல் பத்தி கவலையே இல்ல, அது எப்பவும் போல பேசிச்சு.

பன்னெண்டு வாரம் எங்க, எட்டு வாரம் கூட ஆகல, தீமிதி திருவிழா வந்திருச்சு. மாமி அழுதாங்க, நானும் சண்டை போட்டேன், ரெக்கார்டு போட்டுக்கலாம் மாமான்னு கூட சொன்னேன். சாமி தெருவுக்கு வரும்போது ஸ்பீக்கர்லயாடா கூட்டிட்டு வருவன்னு கேட்டாரு, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அன்னிக்கு சாயங்காலம் கோயில் பின்னாடி வலி மாத்திரையை போட்டுக்கிட்டு, வழக்கமா இடது தோள்ல மாட்டுற நாடாவை வலது தோளுக்கு மாத்தி, துண்டை நாலா மடிச்சு அடில வச்சாரு. தவில் தொங்குற சாய்வே மாறிப்போச்சு, தொப்பி மேல ஏறி நிக்குது. இடது முழங்கையை விலாவோட ஒட்டி வச்சிக்கிட்டு மணிக்கட்டை மட்டும் அசைச்சு வாசிச்சாரு, வீடியோவை திரும்ப போட்டுப் பாரு, அந்த முழங்கை ஒரு தடவை கூட உடம்பை விட்டு வெளிய வராது. தொப்பி சத்தம் பாதிதான் வந்துச்சு, கூட்டத்துல யாருக்கும் தெரியல, எனக்கு தெரிஞ்சுது. கம்பீர நாட்டை ராகத்துல, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி எடுத்தேன், அவருக்கு மூச்சு வாங்கட்டும்னு சங்கதியை சுருக்கி சுருக்கி விட்டேன், அவரு திரும்பிப் பாக்க முடியாம உடம்போட திரும்பி, ஊதுடான்னு ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் நானும் விடல. வேகம் கூடுற மூணாங்காலத்துக்கு போகும்போது அவரு முகம் வெளுத்து உதட்டை கடிச்சிட்டு இருக்காரு, கை மட்டும் கணக்கு தவறல மச்சான், ஒரு அட்சரம் தவறல. பக்கத்துல நின்னு ஊதின எனக்கு பெருமையும் வந்துச்சு, வயித்தையும் பிசைஞ்சுது, ரெண்டும் ஒண்ணா.

என் பொண்ணு போன்ல ஒரு கதை காட்டிச்சு, டெஃப் லெப்பர்ட்னு ஒரு இங்கிலீஷ் பேண்டு, அதுல ட்ரம்ஸ் வாசிக்கிற ரிக் ஆலன், 1984 டிசம்பர் 31ல கார் விபத்துல இடது கையே போச்சு, அந்த கை வாசிச்சதை எல்லாம் காலால வாசிக்கிற மாதிரி எலக்ட்ரானிக் பெடல் செஞ்சுக்கிட்டு 1986ல பெரிய மேடைக்கே திரும்பி வந்துட்டாரு. மாமாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, அந்த புள்ள காயம் ஆறுற வரைக்கும் கூட இருந்தவங்க காத்திருந்தாங்கல்லடான்னு கேட்டாரு.

அதான் மச்சான் விஷயம். எல்லாரும் மாமா வைராக்கியத்தை பேசுறாங்க, வைராக்கியம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அவரு வாசிச்சதுக்கு காரணம் நம்ம கோயிலுக்கு வேற தவில் கிடையாது. இன்னொரு ஆள் இருந்திருந்தா அவரு திண்ணைல உக்காந்து தாளம் போட்டிருப்பாரு. நம்ம தாத்தா காலத்துல ஒரு திருவிழாவுக்கு ரெண்டு மூணு மேள செட்டு நிக்குமாம், 1962ல ராணுவ ஆட்சி வந்ததுக்கு அப்புறம் கப்பல் கப்பலா ஜனங்க கிளம்புனதுல வாத்தியக்காரங்களும் போயிட்டாங்க. இருக்கிற பையன்ங்களை பழக்கலாம்னா, 2024ல கட்டாய ராணுவ சேவை சட்டத்தை அமல்படுத்தினதுலேந்து பதினெட்டு நெருங்குற பையன் எவனும் ஊர்ல தங்குறதில்ல, தாய்லாந்து மலேசியான்னு போயிடுறான். ஒருத்தர் தோள் மேலயே மொத்த திருவிழாவும் நிக்குது, அந்த தோள் ஒடிஞ்சா சுமக்க அடுத்த தோள் இல்ல, இதை கமிட்டில எந்திரிச்சு சொன்னேன், எல்லாரும் தலையாட்டுறாங்க, அடுத்து மைக் செட்டு வாடகை பத்தி பேச ஆரம்பிச்சிட்டாங்க.

திருவிழாவுக்கு அப்புறம் வலி கூடிருச்சு, மறுபடி எக்ஸ்ரே, சேர்ந்துட்டு வந்த எடத்துல லேசா விலகியிருக்காம். ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, கை மறுபடி கட்டுல. ராத்திரி தூக்கம் வராம தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி பழைய ரெக்கார்டை போன்ல போட்டு காதுகிட்ட வச்சிக்கிட்டு, வலது கை விரலால பாய்ல தட்டிட்டு இருக்காரு.

உன்கிட்ட கேக்குறது இதுதான். மாமா பேரன் இருக்கான்ல, சின்னவன், பதிமூணு வயசு, தவில் தாளச் சொல்கட்டு எல்லாம் வாயிலயே சுத்தமா சொல்றான், தாத்தா சொல்ல சொல்ல தலகாணில வாசிக்கிறான். அங்க தமிழ்நாட்டுல மாவட்ட அரசு இசைப்பள்ளில தவில் மூணு வருஷ கோர்ஸ் இருக்குல்ல, பர்மாலேந்து வர்ற பையனை சேப்பாங்களா, விசா என்ன மாதிரி, தங்க எடம் கிடைக்குமா, நேர்ல போய் விசாரிச்சு சொல்லு. நீ பக்கத்துல இருந்தா பிள்ளையை விடுறேன்னு அவன் அம்மா சொல்லிட்டாங்க. இன்னொண்ணு, அடுத்த தைப்பூசத்துக்கு யாராவது ஒரு தவில்காரர் ஒரு மாசம் இங்க வந்து வாசிக்க தோதுப்படுமான்னு கேட்டுப் பாரு, சாப்பாடு தங்குற செலவு டிக்கெட்டு நாங்க பாத்துக்குறோம், அதுக்கு கமிட்டில கையெழுத்து வாங்கிட்டேன்.

தவிலுக்கு மாட்டுற தோல் மூட்டு, வலது முகம் வலந்தலைக்கு ஒண்ணு, தொப்பிக்கு ஒண்ணு, ஊருக்கு வர்றவங்க யாராவது இருந்தா குடுத்து விடு, இங்க கிடைக்கிற தோல் மழைக்கு தாங்க மாட்டேங்குது. மாமாவுக்கு போன் பண்ணி நல்லா திட்டு, நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீ சொன்னா கேப்பாரு. ராத்திரி எட்டு மணிக்கு மேல பண்ணு, அப்பதான் டவர் எடுக்குது.

இப்படிக்கு
உன் மச்சான், பெகு