பெட்ரோல் பங்க்கில் என்ன ஊற்றுகிறார்கள் என்று எழுதி ஒட்ட வையுங்கள்

வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னை மக்களவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் எந்த பங்க்கில் வண்டியை நிறுத்தினாலும் "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் கேனில் அளந்து காட்டச் சொல்லலாம். அளவுக்கு இத்தனை காவல் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாயில் வரும் பெட்ரோலில் எத்தனால் (கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுத்துக் கலக்கும் ஆல்கஹால்) எவ்வளவு, ஆக்டேன் எண் (எஞ்சினில் தட்டல் வராமல் எரியும் தன்மையைக் காட்டும் எண்) என்ன என்பதைக் குழாயருகே எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதைச் சட்டக் கடமையாக்க நீங்கள் மூவரும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

எத்தனால் கலப்பை எதிர்த்து நான் எழுதவில்லை. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதும் கரும்பு, மக்காச்சோள விவசாயிக்கு விலை கிடைப்பதும் நல்லதுதான். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்க 2030-க்கு வைத்திருந்த இலக்கை 2025-26க்கு முன்னே இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், விற்பனை தொடங்கியது. இன்று பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது அதுதான். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதை யார் நேராகச் சொன்னார்கள்?

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்கு ஏற்றபடி சரிசெய்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடும், கார்களில் 6 முதல் 7 விழுக்காடும் இ20-இல் மைலேஜ் குறையலாம் என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. சொந்தக் காரில் அலுவலகம் போகிறவருக்கு அது சிறு தொகையாக இருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பைக்கில் பெரம்பூருக்கும் வேளச்சேரிக்கும் சாப்பாடு கொண்டு போகும் பையனுக்கு மைலேஜ்தான் கூலி. கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் ஓஸும் வாஷரும் இ20-க்குத் தாங்குமா என்ற கேள்வியும் அவனுக்குத்தான் வருகிறது.

இதில் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. எத்தனை விழுக்காடு எத்தனாலுக்குத் தன் வண்டி ஏற்றது என்பதைத் தயாரிப்பாளர் வண்டியிலேயே தெளிவாக ஸ்டிக்கர் ஒட்டிச் சொல்ல வேண்டும் என்று 2021 மார்ச்சில் மோட்டார் வாகன விதியில் மத்திய அரசு சேர்த்தது. வண்டியில் ஓர் எண் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கக் குழாயில் எண் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் 12 முதல் இரண்டு பக்கமும் ஒரே குறி: பெட்ரோல் குழாயில் வட்டத்துக்குள் இ5, இ10 என்று இருக்கும், புது வண்டியின் டேங்க் மூடியருகிலும் அதே வட்டம். அமெரிக்காவில் ஆக்டேன் எண்ணை மஞ்சள் வில்லையில் பம்ப்பிலேயே ஒட்ட வேண்டும்.

பங்க்கில் பெட்ரோலின் டென்சிட்டிதான் (அடர்த்தி) போடுகிறார்களே என்று அதிகாரிகள் உங்களிடம் சொல்லக்கூடும். எத்தனாலின் அடர்த்தி பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அந்த எண்ணை வைத்துக் கலப்பு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சொட்டு விட்டுக் கறை படிகிறதா என்று பார்க்கும் ஃபில்டர் பேப்பர் சோதனையும் உதவாது. எத்தனால் கறையில்லாமல் ஆவியாகிவிடும். எல்லா இடத்திலும் இ20 என்றான பிறகு லேபிள் எதற்கு என்றும் கேட்பார்கள். பிரேசில் 2025 ஆகஸ்ட்டில் 30 விழுக்காட்டுக்குப் போய்விட்டது. இங்கும் 20-ஐத் தாண்டுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. எண் மாறும் அன்று அதைச் செய்தித்தாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனில்கூட உரிம எண்ணும் தேதியும் இருக்கின்றன.

சென்னைக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கினால், ஓரளவுக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். அது வண்டிக்குள் போனால் நடுரோட்டில் நின்றுவிடும். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவிய கம்பியைத் தொட்டிக்குள் இறக்கித் தண்ணீர் பார்ப்பது பங்க்குகளில் உள்ள வழக்கம்தான். அந்த முடிவையும் பார்த்த நேரத்தையும் மழைக்காலத்தில் பலகையில் எழுதச் சொன்னால் என்ன செலவாகிவிடும்? கலப்பு நடப்பது எண்ணெய் நிறுவனங்களின் டெர்மினலில் (சேமிப்புக் கிடங்கில்), பங்க்கில் அல்ல. லேபிள் வந்தால், வாடிக்கையாளரின் கோபத்தை எல்லாம் வாங்கிக்கட்டிக்கொள்ளும் குழாய் பிடிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் அது பாதுகாப்பு.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் பங்க்கில் லேபிளும் கேட்டுப் போன பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. மீதியிருக்கும் கதவு நாடாளுமன்றம்தான். புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் பெட்ரோல், டீசல் விநியோகத்துக்கு 2005-இல் போட்ட ஆணை இருக்கிறது. அதில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். பொருளின் தரம், தூய்மை பற்றி அறியும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ஏற்கெனவே தந்திருக்கிறது.

வரும் கூட்டத்தொடரில் பெட்ரோலிய அமைச்சகத்திடம் எழுத்துப்பூர்வமாக இதைக் கேளுங்கள்: ஒவ்வொரு குழாயிலும் எத்தனால் விழுக்காடு, ஆக்டேன் எண், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தர எண் மூன்றையும் அந்தந்த மாநில மொழியில் ஒட்டுவதை 2005 ஆணையில் எப்போது சேர்ப்பீர்கள்? வரும் பதிலை உங்கள் தொகுதி அலுவலக வாசலில் தமிழில் ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
சென்னை இருசக்கர வண்டி ஓட்டுநர் ஒருவர்